உங்களுக்குத் தெரியுமா? பேஸும் ட்ரெபிளும் ஒரே மட்டத்தில்

குண்டசாலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கணினியில் தாங்களே நிரல் எழுதி இசைக்கருவி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், கீழ்ச் சுரத்தில வெடிக்குது, மேல்ச் சுரத்தில காணாமல் போகுது." மீடிறன் மாறும்போது சத்தத்தின் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே அவர்களின் கேள்வி. (தமிழ்நாட்டுப் புத்தகங்கள் அதிர்வெண் என்று சொல்வதைத்தான் நாங்கள் மீடிறன் என்கிறோம்.) இந்த வாரத் துணுக்குகள் அந்தப் பிள்ளைகளுக்காக.

★

குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள பல்லேகலையில் உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பின் நிலையம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கிரிக்கெட் மைதானத்தால் பல்லேகலையை உலகம் அறியும். நிலநடுக்க ஆய்வாளர்களுக்கோ அது 2004 டிசம்பர் 26ஆம் திகதியோடு சேர்ந்து நினைவுக்கு வரும் பெயர். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. சில நிமிடங்களில் நிலநடுக்க அலை நிலத்தினூடாக இங்கு வந்து சேர்ந்தது. இலங்கையின் நிலம் 9 சென்ரிமீற்றருக்கும் அதிகமாக மேலும் கீழும் அசைந்ததைக் கருவி பதிந்தது.

ஒன்பது சென்ரிமீற்றர் என்றால் ஒரு சாணில் பாதிக்குக் கிட்ட. ஆனாலும் ஊரில் பெரும்பாலானோருக்கு அது தெரியவில்லை. அந்த அசைவின் பெரும்பகுதி மிக மெதுவானது என்பதுதான் காரணம். ஒரு முறை ஏறி இறங்கப் பல செக்கன்கள் எடுத்தது. 20 செக்கனுக்கு ஒரு தரம் 9 சென்ரிமீற்றர் அசைந்தால், நம் உடம்பில் விழும் ஆர்முடுகல் புவியீர்ப்பின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 9 சென்ரிமீற்றர் செக்கனுக்கு 5 தரம் அசைந்திருந்தால் அது புவியீர்ப்பின் நாலரை மடங்கு. ஒரு வீடும் மிஞ்சியிருக்காது.

அசைந்த தூரத்தால் பார்த்தால் இரண்டும் சமம். ஆர்முடுகலால் பார்த்தால் மலையும் மடுவும். அதனால் இத்தகைய கருவிகளைச் செய்பவர்கள் முதலிலேயே ஒரு முடிவெடுக்கிறார்கள்: நிலம் அசையும் வேகம் சமமாக இருந்தால், அசைவு மெதுவானதோ விரைவானதோ, வெளிவரும் மின்னழுத்தமும் சமமாக இருக்க வேண்டும். அகலப்பட்டை நிலநடுக்கமானி பெரும்பாலும் அப்படித்தான் வடிவமைக்கப்படுகிறது. ஒலி நிரல் எழுதும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். மட்டம் சமமாக வேண்டும் என்கிறீர்களே, எதில் சமம்?

★

ஒலிபெருக்கியின் கூம்புக்கும் இதே கணக்குத்தான். ஒரே அளவு சத்தத்தை 100 ஹேர்ட்ஸிலிருந்து 50 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 25 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் பதினாறு மடங்கு. கைபேசியின் நகக்கண் அளவு ஸ்பீக்கரில் தவுல் ஓசை "டிக் டிக்" என்று வருவது அதனால்தான். அங்கே ஈகுவலைசரில் பேஸை எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பீக்கர் இரையுமே தவிர தவுல் கேட்காது. அந்த ஸ்பீக்கருக்காக நிரலை மாற்றி எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

★

வீச்சம் இரண்டு மடங்கானால் மட்டம் 6 டெசிபெல் ஏறும். பத்து மடங்கானால் 20 டெசிபெல். இந்தத் துணுக்குகளைப் படிக்க இந்த இரண்டும் போதும்.

★

நம் காதே சமமாகக் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். பிறகு சர்வதேச தர நிர்ணய அமைப்பு அந்த வளைகோடுகளைத் திருத்தி ஒழுங்காக்கியது. 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல்லில் கேட்கும் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான வீட்டில் தாழ்ந்த குரலில் பேசுவதற்குக் கிட்டிய அளவு அது. 100 ஹேர்ட்ஸில் அதே சத்தமாகக் காதுக்குப் பட 64 டெசிபெல் வேண்டும். 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 100. மாறாக 3000 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே 36 டெசிபெல்லுக்கும் குறைவாகவே போதும். காதின் குழாய் அந்த இடத்தில் பரிவுறுவது இதற்கு ஒரு காரணம்.

நாதஸ்வரமும் கண்டிப் பெரஹெராவின் ஹொரணேயும் இவ்வளவு கூட்டத்தையும் தாண்டி ஏன் காதைப் பிடிக்கின்றன என்பதும் இதில் விளங்கும். அவற்றின் வலிய மேற்றொனிகள் காது கூர்மையாகக் கேட்கும் பட்டையில் விழுகின்றன. பதிவு செய்யும்போது மீற்றர் முள் தவுலுக்குத்தான் எகிறும், காதோ ஹொரணேயைச் சொல்லும். இரண்டும் உண்மை. ஒன்று வீச்சத்தை அளக்கிறது, மற்றது உணர்வை.

பழைய ரேடியோ கசற் பெட்டிகளில் "லவுட்னஸ்" என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது முதலில் மறைவது பேஸ். அந்தப் பொத்தான் அதை ஈடுகட்டத்தான் இருந்தது. சத்தமாகக் கேட்கும்போதும் அதை அழுத்தியே வைத்திருந்தவர்கள்தான் நம்மில் அதிகம்.

★

இனி உடுக்கு. காமன் கூத்திலும் கோயிலிலும் உடுக்கை அடித்தபடியே இடையிலுள்ள கயிற்றை அமுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கண்டிய நடனத்தின் உடெக்கியும் அப்படித்தான். இதைக் கணினியில் செய்ய விரும்பிய ஒரு மாணவன் எளிய பரிவு ஃபில்டர் ஒன்றை எழுதினான். முந்திய இரண்டு வெளியீட்டுச் சாம்பிள்களைத் திருப்பி ஊட்டும் ஃபில்டர் அது. மீடிறனை ஏற்றி இறக்கினால் உடுக்கு வளையும். வளையத்தான் செய்தது. ஆனால் சுருதி கீழே வரும்போதெல்லாம் சத்தம் வெடித்தது.

ஏன் என்று கணக்குப் பார்த்தோம். செக்கனுக்கு 44,100 சாம்பிள், துருவத்தின் ஆரை (பரிவு எவ்வளவு கூர்மை என்பதைத் தீர்மானிக்கும் எண்) 0.99. அந்த ஃபில்டர் 200 ஹேர்ட்ஸில் தரும் பெருக்கம் ஏறத்தாழ 65 டெசிபெல், 800 ஹேர்ட்ஸில் 53, 11,025 ஹேர்ட்ஸில் 34. அவன் மீடிறனை மட்டும் மாற்றுவதாக நினைத்திருக்கிறான். உண்மையில் இரண்டு ஸ்தாயி வளைவுக்குள் சத்தம் நான்கு மடங்கு மாறியிருக்கிறது. கீழ் மீடிறனில் ஃபில்டரின் இரு துருவங்களும் ஒன்றுக்கொன்று அருகில் வருகின்றன. ஒன்றின் பரிவோடு மற்றதன் பரிவும் சேர்ந்துகொள்கிறது. அதுதான் வெடிப்புக்குக் காரணம்.

வெளியீட்டை மீடிறனுக்கு ஏற்ப ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இதைவிட அழகான வழியொன்று 1982இலேயே வந்துவிட்டது. ஜூலியஸ் ஸ்மித், ஜேம்ஸ் ஏஞ்சல் இருவரும் கணினி இசைக்கான ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். உள்ளே வரும் சாம்பிளிலிருந்து இரண்டு சாம்பிள் முந்தியதைக் கழித்துவிட்டு ஃபில்டருக்குள் அனுப்பினால் போதும். அந்தக் கழித்தல் கீழ் மீடிறனைக் குறைக்கிறது, எந்த அளவுக்கு ஃபில்டர் அதைப் பெருக்குகிறதோ அந்த அளவுக்கே. பிறகு ஆரையின் வர்க்கத்தை 1இலிருந்து கழித்து, வருவதில் பாதியால் பெருக்குங்கள். ஆரை 0.99 என்றால் அந்த எண் 0.00995. உச்சப் பெருக்கம் எந்த மீடிறனிலும் சரியாக 1. ஒரேயொரு கழித்தல், அவ்வளவுதான். அந்த வரியைச் சேர்த்த பின் உடுக்கு கேட்டபோது மாணவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபில்டர் சூத்திரங்களிலும் இந்தத் தெரிவு உண்டு. ராபர்ட் பிரிஸ்டோ ஜான்சன் தொகுத்த ஈகுவலைசர் சூத்திரங்களை உலகமெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இணைய உலாவிகளின் ஒலிப் பகுதியும் அவற்றைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே பாண்ட்பாஸ் ஃபில்டர் இரண்டு வகையாகத் தரப்பட்டிருக்கும். ஒன்றில் உச்சம் 0 டெசிபெல்லில் நிற்கும். மற்றதில் உச்சம் கூர்மையோடு சேர்ந்து ஏறும். எதை எடுத்தோம் என்று பார்க்காமல் படியெடுப்பவர்கள் பலர்.

★

மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்புச் சோறு எதற்கு? சர் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள். வெறும் வட்டத் தோலின் மேற்றொனிகள் 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதங்களில் வரும். சோற்றின் பாரம் அவற்றை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. கணினியில் மிருதங்கம் செய்ய நினைப்பவர், ஐந்து பரிவு ஃபில்டர்களை இந்த வரிசையில் அடுக்கி, மேலே சொன்ன கழித்தலை ஐந்திலும் சேர்த்துத் தொடங்கலாம். எந்த மேற்றொனி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை அப்புறம் காது சொல்லட்டும்.

★

தந்தி ஓசைக்கு கெவின் கார்ப்லஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறையை இன்றும் எல்லோரும் முதல் பாடமாக எழுதுகிறார்கள். சிறிது இரைச்சலை ஒரு சுற்றில் விட்டு, சுற்றுக்குச் சுற்று சற்றே தணித்தால் வீணை மீட்டியது போல ஒலிக்கும். இதில் ஒளிந்திருக்கும் சிக்கல் ஒன்று. 110 ஹேர்ட்ஸ் தந்தி செக்கனுக்கு 110 சுற்று சுற்றுகிறது, 880 ஹேர்ட்ஸ் தந்தி 880 சுற்று. சுற்றுக்கு 0.996 என்று தணித்தால் முதலாவது ஒரு செக்கனில் 4 டெசிபெல்தான் இறங்கும். இரண்டாவது 30 டெசிபெல்லுக்கு மேல் இறங்கி மறைந்துவிடும். "மேல்ச் சுரத்தில காணாமல் போகுது" என்ற முறைப்பாட்டின் வேர் பல நேரம் இதுதான்.

இரண்டும் 3 செக்கனில் 60 டெசிபெல் அடங்க வேண்டுமானால், 110 ஹேர்ட்ஸுக்குத் தணிப்பு 0.9793, 880 ஹேர்ட்ஸுக்கு 0.9974. 0.001க்கு, மீடிறனையும் செக்கன்களையும் பெருக்கி வருவதன் தலைகீழை அடுக்காகப் போட்டால் இந்த எண் வரும். உண்மையான வீணையில் மேல்ச் சுரம் சற்று விரைவில் அடங்கும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. முழுச் சமம் கேட்க மரக்கட்டை போலிருக்கும். நான் சற்றுச் சாய்வு விட்டுத்தான் வைப்பேன்.

★

இசைத்தட்டில் பேஸ் குறைத்துப் பதியப்பட்டிருக்கிறது தெரியுமா? முழு பேஸையும் வெட்டினால் வரிப்பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஆகவே வெட்டும்போது பேஸை இறக்கி ட்ரெபிளை ஏற்றினார்கள், ஓட்டும்போது பெருக்கி அதைத் தலைகீழாக்கியது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் பொது வளைகோடு ஒன்றை வகுக்கும்வரை ஒவ்வொரு கம்பனியும் தன் சொந்த வளைகோட்டில் வெட்டியது. பொது வளைகோட்டில் 20 ஹேர்ட்ஸுக்கும் 20,000 ஹேர்ட்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ 39 டெசிபெல் வித்தியாசம். பழைய தட்டுகளை இன்று கணினிக்கு ஏற்றுபவர்கள் எந்த வளைகோடு என்று பாராமல் ஏற்றினால் அந்தக் காலத்துப் பாடகர் இரும்புத் தொண்டையோடு பாடுவார். இது எனக்கு வருத்தமான விஷயம். வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

★

எஃப்.எம். வானொலியிலும் இதே உத்தி. அனுப்பும்போது ட்ரெபிளை ஏற்றி, கேட்கும்போது இறக்கினால் இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் ஏற்றம் 3,183 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது, அமெரிக்காவில் 2,122இல். அமெரிக்க அளவுக்குச் செய்த ரேடியோவை இங்கே ஓட்டினால் உச்சியில் 3 டெசிபெல்லுக்கு மேல் மங்கும்.

இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மங்கல் பழக்கமானது. மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ்தான், அதற்குள் குரலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4,500 ஹேர்ட்ஸ் வரை. கைத்தாளத்தின் மினுக்கம் அதில் நிற்காது. பேச்சு நிற்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது, மனிதப் பேச்சு அந்த 4,500க்குள் அடங்கிவிடுவதால்.

★

டோல்பி என்ற பெயருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. ரே டோல்பி 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக இந்தியாவில் வேலை செய்தவர். 1965இல் இலண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்கி, நாடா இரைச்சலை அடக்கும் கருவியைச் செய்தார். ஒலியை நான்கு பட்டையாகப் பிரித்து, மெல்லிய ஒலிகளை மட்டும் ஏற்றிப் பதிந்து, ஓட்டும்போது அதே அளவு இறக்குவது அதன் வேலை. 1968இல் வீட்டுப் பாவனைக்கான எளிய வகை வந்தது. கசற்றின் மூலையில் இருந்த சின்னம் அதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பதிந்த மட்டமும் ஓட்டும் மட்டமும் பொருந்தாவிட்டால், கருவி எதை இறக்குவது எதை விடுவது என்று தவறாக முடிவெடுக்கும். மட்டத்தில் பிழை 2 டெசிபெல்தான் என்றாலும் காதுக்கு ட்ரெபிள் போனதாகவே கேட்கும். படிக்கும் காலத்தில் கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய என் கசற்றுகள் மங்கிக் கிடந்ததற்கு நாடாவைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

★

திரையரங்கின் ஒலி வேண்டுமென்றே சமமில்லாமல் வைக்கப்படுகிறது. உலகத் தரத்தின்படி 2,000 ஹேர்ட்ஸ் வரை சமம், அதன் மேல் ஸ்தாயிக்கு 3 டெசிபெல் இறக்கம். பெரிய மண்டபத்தில் தூரத்திலிருந்து கேட்கும் காதுக்கு அது இயல்பாக இருக்கும் என்று கண்டார்கள். 'குருதிப்புனல்' படத்தைத் தமிழ்ச் சினிமா 1995இல் டோல்பி ஸ்டீரியோ ஒலியில் கொண்டுவந்தபோது கலவையாளர்கள் வேலை செய்ததும் இந்தச் சாய்வு உள்ள அறைகளுக்காகத்தான். திரையரங்குக் கலவையை அப்படியே வீட்டில் போட்டால் கூச்சமாகக் கேட்பது அதனால்தான்.

★

வெள்ளை இரைச்சலின் மொத்தச் சக்தியில் பாதி 10,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, மனிதர் கேட்கும் பத்து ஸ்தாயிகளில் கடைசி ஒன்றில். ஸ்தாயிக்கு ஸ்தாயி சமமாகச் சக்தி வேண்டுமானால், ஸ்தாயிக்கு 3 டெசிபெல் இறங்கும் பிங்க் இரைச்சலைப் பயன்படுத்துங்கள்.

★

கணினித் திரையில் துள்ளும் அந்த அலைக்கற்றைப் படத்தை எவ்வளவு நம்பலாம்? 1,024 சாம்பிள் எடுத்துப் பார்த்தால், 44,100 வேகத்தில் ஒவ்வொரு கட்டமும் 43 ஹேர்ட்ஸ் அகலம். சுரம் கட்டத்தின் நடுவில் விழுந்தால் முழு உயரம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்தால் 3.9 டெசிபெல் குட்டை. சுரம் ஒன்றுதான், வீச்சம் ஒன்றுதான், விழுந்த இடம் மட்டும் வேறு. சாம்பிள்களின் இரு ஓரங்களையும் மெல்லத் தணித்துவிட்டுப் பார்த்தால் அந்தக் குறை 1.4 டெசிபெல்லாகச் சுருங்கும். இப்படித் தணிக்கும் வளைவொன்றுக்கு ஹான் என்று பெயர். ஜூலியஸ் ஃபொன் ஹான் ஆஸ்திரியாவின் வானிலை விஞ்ஞானி. அவர் புள்ளிவிவரங்களைச் சீர்செய்யக் கையாண்ட முறை இன்று ஒவ்வொரு ஒலி நிரலிலும் இருக்கிறது. உயரத்தை மட்டும் சரியாக அளக்க வேண்டுமா? ஃபிளாட்டொப் என்ற வளைவை எடுங்கள், பிழை மிகச் சொற்பம். ஆனால் அருகருகே உள்ள இரண்டு சுரங்களை அது பிரித்துக் காட்டாது.

இரைச்சலுக்கு வேறு கணக்கு. கட்டத்தை அகலமாக்கினால் இரைச்சலின் உயரம் ஏறும், சுரத்தின் உயரம் ஏறாது. இரண்டையும் ஒரே படத்தில் ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

★

எதிரொலி நிரலில் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே உள்ள மதிப்பைச் சராசரி எடுத்துக் கண்டுபிடிப்பீர்கள் அல்லவா? சரி நடுவில் அது 10,000 ஹேர்ட்ஸை 2.4 டெசிபெல் குறைத்துவிடும். தாமதத்தை அசைத்துக்கொண்டிருந்தால் ட்ரெபிள் மங்கி மங்கி எரியும் விளக்குப் போல ஆடும். ஆல்பாஸ் என்ற ஃபில்டரை வைத்தால் எல்லா மீடிறனும் அதே மட்டத்தில் வெளிவரும், நேரம் மட்டும் சற்று முன்பின் ஆகும்.

★

இது மலையகத்துப் பிள்ளைகளுக்கு. தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன் அறையின் அளவு 10க்கு 12 அடி என்று சொல்வார்கள். அந்த அறையில் நீளவாக்கில் 47 ஹேர்ட்ஸும் அகலவாக்கில் 57 ஹேர்ட்ஸும் நின்று பரிவுறும். அவற்றின் இரட்டிப்பான 94உம் 113உம் அப்படியே. அங்கே உட்கார்ந்து பாட்டைக் கலந்தால், சுவரோரத்தில் பேஸ் முழங்கும். அறையின் நடுவில் 47 ஏறத்தாழக் காணாமல் போகும். நிரலில் பிழை தேடி இரவிரவாக விழித்திருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். கதிரையை ஒரு மீற்றர் பின்னே இழுத்ததும் பிழை போய்விட்டது.

அந்த லயன் அறையிலிருந்துதான் நம் பிள்ளைகள் பலர் பாட்டுச் செய்கிறார்கள். தனி ஸ்டூடியோ கட்டிக்கொள்ள அவர்களால் முடியாது. முடிந்ததைச் சொல்கிறேன். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். காதை அறையின் சரி நடுவிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தால் ட்ரெபிளின் எதிரொலி அடங்கும், பேஸ் அடங்காது. பேஸை முடிவு செய்ய ஹெட்போனை நம்புங்கள். இதில் ஒன்றுக்கும் காசு செலவில்லை.

★

பெரஹெரா வரும்போது தவுலும் தம்மெட்டமும் முதலில் கேட்கும், ஹொரணேயின் கூர்மை கிட்ட வந்த பிறகே கேட்கும். காற்று செய்யும் வேலை அது. 20 பாகை வெப்பம், 70 வீத ஈரப்பதம் உள்ள காற்றில், கண்டியின் குளிர்ந்த இரவுக்குக் கிட்டிய நிலை அது, ஒரு கிலோமீற்றர் போவதற்குள் 125 ஹேர்ட்ஸ் இழப்பது 0.3 டெசிபெல். 1,000 ஹேர்ட்ஸ் இழப்பது 5. 8,000 ஹேர்ட்ஸோ ஏறத்தாழ 77. தூரத்தால் எல்லா ஒலிக்கும் பொதுவாக ஏற்படும் குறைவுக்கு மேலதிகமாக இது.

1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தவன். மகாவலிக்கு அக்கரையில் இருந்தவர்களுக்கு அவன் அரண்மனை மேளம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை மேலே உள்ள எண்களை வைத்து இன்று நிரலில் எழுதிப் பார்க்கலாம். மாணவர்களுக்கு நான் கொடுக்க விரும்பும் பயிற்சி அது.

★

பேஸுக்கு ஒரு பொக்ஸ், ட்ரெபிளுக்கு ஒரு பொக்ஸ் என்று பிரிக்கும்போது சந்திக்கும் இடத்தில் மேடு விழுவது ஏன்? சாதாரணமான பட்டர்வேர்த் ஃபில்டர்கள் அங்கே 3 டெசிபெல்தான் குறைகின்றன. இரண்டும் ஒரே அவத்தையில் சேரும்போது 3 டெசிபெல் மிஞ்சுகிறது. 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் காட்டிய வழியில் இரண்டும் 6 டெசிபெல் குறையும், கூட்டினால் சமன். நிரலில் செய்வதும் எளிது. ஒரே பட்டர்வேர்த்தை இரண்டு தரம் ஓட்டினால் போதும்.

★

தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தவுடன் காது அதிர்வதற்கும் எதில் சமம் என்ற கேள்வியே காரணம். வீச்சத்தின் உச்சத்தை மட்டும் கட்டுப்படுத்திய காலத்தில், உச்சத்துக்குள் நின்றுகொண்டே சத்தத்தை நெருக்கி நிரப்பினார்கள். 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காதை ஒட்டிய அளவு முறை ஒன்றைத் தரமாக்கியது. மிகக் கீழ் மீடிறன்களை வெட்டி, 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே ஏறத்தாழ 4 டெசிபெல் உயர்த்தி, அதன் பிறகே சராசரிச் சக்தியை அளப்பது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அந்த அளவில் கழி 23 என்று இலக்கு வைத்தது. பாட்டுகளை ஒரே மட்டத்தில் அடுக்கும் நிரல் எழுத விரும்பும் பிள்ளைகள் இந்தத் தரத்தைத் தேடிப் படிக்க வேண்டும். இரண்டு சிறிய ஃபில்டர்கள், ஒரு கூட்டல். ஒரு வார இறுதியில் எழுதி முடிக்கலாம்.

★

இந்த வாரம் செய்து பார்க்க ஒன்று. 31.5, 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000, 16000 ஹேர்ட்ஸ், இந்தப் பத்து சைன் அலைகளையும் 0.1 வீச்சத்தில் இரண்டிரண்டு செக்கன் உங்கள் நிரலுக்குள் அனுப்புங்கள். முதல் அரைச் செக்கனை விட்டுவிட்டு, வெளிவரும் உச்சத்தை ஒவ்வொன்றாக எழுதுங்கள். 0.1ஆல் பிரித்து டெசிபெல்லாக மாற்றுங்கள். பிறகு அதே பத்தையும் காதால் கேட்டு, எது சத்தம் எது மெது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.